பச்சை நூல் கட்டிய காய்

அக்டோபர் 7, செவ்வாய்

உரக்கடையில இந்த வருசம் குடுத்த டைரி சரியில்ல. கோடெல்லாம் மங்கலா அச்சடிச்சுத் தொலைச்சிருக்கான். எழுதினா எழுத்து ஏறி இறங்குது. ஓசியில குடுக்கறதுதானேங்கற அலட்சியம்.

இன்னைக்கு மொட்டு உரிக்க ஆரம்பிச்சாச்சு. அர்த்தநாரி அண்ணன் காட்டுல ஒரு ஏக்கரா விதைப் பருத்தி. என்னோட சேர்த்து ஆறு பொம்பளைங்க, நான் மேஸ்திரி. விதைக் கம்பெனி சார் ஜெயசீலன் பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் வந்து பார்ப்பாரு. மழை, வெயில், எத்தனை மொட்டு, எத்தனை ஆளு, எல்லாத்தையும் தினம் குறிச்சு வைங்க இந்திராணியம்மான்னு சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் இந்த டைரி. மிச்ச இடத்துல நான் என்ன எழுதினா அவருக்கென்ன.

முதல் நாள்ங்கறதால எல்லாரையும் நிக்க வச்சு வழக்கமான பாடத்தை ஒப்பிச்சேன். இந்தப் பக்கம் பெண் செடி, அந்தப் பக்கம் ஆண் செடி. ஆனா பருத்திப் பூ ஒவ்வொண்ணுலயும் ஆணும் இருக்கு, பெண்ணும் இருக்கு. அதனால பெண் செடியில நாளைக்கு விரியப்போற மொட்டை இன்னைக்குச் சாயங்காலமே பிடிச்சு, அடியில நகத்தால சுத்திக் கீறி, இதழோட மகரந்தத் தூள்பை மொத்தத்தையும் ஒரே இழுப்புல உருவிடணும். நடுவுல வெள்ளைத் தண்டு மட்டும் நிக்கணும். அதுக்குச் சிவப்புக் காகிதக் குழல் மாட்டணும். மறுநாள் காலையில ஆண் செடிப் பூவைப் பறிச்சுத் தண்டு நுனியில தடவிட்டு, சிவப்பை எடுத்துட்டு வெள்ளைக் குழல் மாட்டணும். ஒரே ஒரு தூள்பை ஒட்டிக்கிட்டு நின்னுட்டாலும் பூ தன் தூளையே தான் வாங்கிக்கும். காய் பிடிக்கும், கொட்டையும் இருக்கும், ஆனா கம்பெனி கேக்கற கலப்பு விதை அது இல்ல. ஏமாத்து வேலை.

இதுக்குத்தான் ஆடி மாசத்திலிருந்து வலது கட்டைவிரல் நகத்தை நாங்க யாரும் வெட்டறதில்ல. என் நகத்தைக் காட்டினேன். ஒன்பது வருசமா இந்தக் கை உரிச்ச மொட்டுல ஒரு குறை வந்ததில்ல. புதுசா வந்திருக்கற நிரோஷா வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தா. புருசன் விட்டுட்டுப் போயி ஒரு வருசமா அம்மா வீட்டுல இருக்கா, ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. நாலாவது வரிசையில அவளை எனக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தியிருக்கேன். என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

மழை இல்ல. ஆறு பேரும் வந்தாங்க. மொட்டு ஆயிரத்து நூறு சொச்சம்.

சோத்துல கல்லு. வீட்டுக்காரரு தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. ரேசன் அரிசியில கல்லு இல்லாம முத்தா இருக்கும்னு கேட்டேன். "நேத்தும் இருந்துச்சும்மா, முந்தாநாளும் இருந்துச்சு"ங்கறா என் மக கீர்த்தனா. பிளஸ் டூ போனதும் வாய் நீண்டுருச்சு. நாளையிலிருந்து அவளே அரிசி பார்க்கட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

இன்னைக்கு மனசு சரியில்ல.

ஜெயசீலன் சார் சாயங்காலம் வந்தாரு. பையிலிருந்து லென்ஸை எடுத்து, உரிச்ச மொட்டுல சிவப்புக் காகிதத்தை விலக்கி விலக்கிப் பார்த்தாரு. முதல் மூணு வரிசை பார்த்தாரு, தலையை ஆட்டினாரு. நாலாவதுல நின்னுட்டாரு. "இங்க வாங்க"ன்னாரு. லென்ஸ்ல பார்த்தேன். தண்டோட அடியில மஞ்சளா ரெண்டு தூள்பை, கடுகை விடச் சின்னது. அடுத்த மொட்டுல ஒண்ணு. அடுத்ததுல இல்ல. அதுக்கடுத்ததுல மூணு.

நாலாவது வரிசையில நானும் நிரோஷாவும்தான். சார் என்னைப் பார்க்கவே இல்ல, நேரா அவளைப் பார்த்தாரு. மத்தவங்களும் அவளைத்தான் பார்த்தாங்க. அவ முகம் செத்துப்போச்சு. "நான் பார்த்துத்தான் சார் உருவினேன்"னா.

"புதுசுதானே சார், பழகிரும்"னு நான் சொன்னேன். அவளுக்குப் பரிஞ்சுதான் சொன்னேன்.

இனிமே ஆளுக்கு ஒரு நிறத்துல நூல், உரிக்கிறப்பவே காம்புல கட்டணும்னு சொல்லி நூல்கண்டு குடுத்துட்டுப் போனாரு. எனக்குப் பச்சை. அவளுக்கு மஞ்சள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேகம். ஆறு பேர். மொட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு உரிச்சா எனக்கு வசதியா இருக்கு. இந்த வருசம் விதை மாறிருச்சோ என்னமோ, மொட்டு எல்லாம் பொடிசு.

காலையில தப்பிப் பூத்த பூவைக் கிள்ளறதுக்குப் பாப்பாத்தியக்கா கூடையோட வந்துச்சு. முந்தின நாள் நம்ம கையில சிக்காத மொட்டு விடிஞ்சதும் விரிஞ்சுரும், அதை அப்பவே கிள்ளி அப்புறப்படுத்தணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் பாப்பாத்தியக்காதான் இங்க மேஸ்திரி. கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு நாள் காட்டுக்கு வந்துச்சு. கண்ணாடிக்காரி கையில மொட்டைக் குடுத்தா விதை தேறுமான்னு நான்தான் அர்த்தநாரி அண்ணன்கிட்ட கேட்டேன். சும்மா கேட்டேன். அவரு அதைப் பிடிச்சுக்கிட்டாரு. அதிலிருந்து இந்தச் சுத்துவட்டாரத்துல கண்ணாடி போட்ட பொம்பளையை யாரும் மொட்டு உரிக்கக் கூப்பிடறதில்ல.

அது இன்னைக்குச் சாயங்காலம் என்னைப் பார்த்து, "ஏன்டி மொட்டை ஒரு முழம் தள்ளி வச்சு உரிக்கற, கடிக்கவா போகுது?"ன்னு சிரிச்சுச்சு. வேலையைப் பாருக்கான்னு சொல்லிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கீர்த்தனாவுக்குப் பரீட்சை. பூ எப்படிக் காயாகுதுங்கற பாடத்தைச் சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டிருந்தா. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டேன்.

ஒன்பது வருசமா இந்த வேலை பார்க்கறேன், தூள் தடவினதுக்கப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு யோசிச்சதே இல்ல. தண்டு நுனியில ஒட்டின ஒவ்வொரு தூளும் முளைக்குமாம். முளைச்சு ஒரு குழாயை விட்டு, தண்டுக்குள்ளயே இறங்கி இறங்கி அடியில இருக்கற சூலைத் தேடிப் போகுமாம். ஒரு சூலுக்கு ஒரு தூள். ஒரு காயில முப்பது கொட்டை இருந்தா முப்பது தூள் தனித்தனியா நடந்து போயிருக்கு. போறப்ப ஒவ்வொரு தூளும் ரெண்டு உயிரணுவை எடுத்துட்டுப் போகுமாம். ஒண்ணு குருத்தாகும், இன்னொண்ணு அந்தக் குருத்துக்குச் சாப்பாடு ஆகும். பிள்ளைக்கு முன்னாடியே கட்டுச்சோறு கட்டிடுதான்னு கேட்டேன். கீர்த்தனா சிரிச்சுட்டு, "அதேதாம்மா, இரட்டைக் கருவுறுதல்னு எழுதினா அஞ்சு மார்க்"ன்னா.

படத்தைக் காட்டுடின்னு புத்தகத்தை வாங்கினேன். தள்ளிப் பிடிச்சேன். லைட்டு பத்தல. அவ படத்தைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

ஒண்ணு கேட்டேன் அவகிட்ட. சாயங்காலமே சொந்தத் தூள் கொஞ்சம் விழுந்துட்டு, காலையில வேற தூளும் தடவிட்டா? அவ யோசிச்சா. "ரெண்டும் போகும்மா. சில கொட்டை அப்படி, சில கொட்டை இப்படி"ன்னா. ஒரே காய்க்குள்ளயா? ஆமா, ஒரே காய்க்குள்ள.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காட்டுக்கு லீவு. நிரோஷா முறுக்கு கொண்டுவந்து குடுத்துட்டுப் போனா. நல்லாத்தான் சுட்டிருந்தா.

அக்டோபர் 22, புதன்

பதினஞ்சு நாள் ஆகறதுக்கு முந்தியே சார் வந்தாரு. மறுபடி லென்ஸ். மறுபடி ஒட்டிக்கிட்டிருக்கற தூள்பை. நல்லவேளை, அவரு பார்த்ததெல்லாம் நூல் கட்டறதுக்கு முந்தி உரிச்சது, காய் அடியில காஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு, யாரு கைன்னு சொல்ல முடியல. ஆயிரக்கணக்கான மொட்டை ஒவ்வொண்ணா லென்ஸ் வச்சுப் பார்த்துக்கிட்டிருக்க முடியாது, வேற வழி இருக்குன்னாரு.

வழி இதுதான். கடைசி ரெண்டு வரிசையை ஒதுக்கிட்டாரு. ஆளுக்கு இருபது மொட்டு உரிச்சு, அவங்கவங்க நூலைக் கட்டி, சிவப்புக் காகிதம் மாட்டிடணும். நாளைக்குக் காலையில அதுக்கு மட்டும் தூள் தடவக் கூடாது. அப்படியே விட்டுடணும். சுத்தமா உரிச்ச மொட்டு, தூள் கிடைக்காம நாலஞ்சு நாள்ல வெளுத்து உதிர்ந்துரும். உதிராம காய் பிடிச்சா அதுக்குள்ள தூள்பை விட்டுப்போச்சுன்னு அர்த்தம். எந்த நூல்ல காய் நிக்குதோ அந்தக் கைதான் தப்புப் பண்ண கை. அடுத்த புதன்கிழமை வந்து பார்ப்பாராம். "இதுல தப்பு வந்தவங்க மேல நடவடிக்கை எடுக்காம இந்த ப்ளாட்டை நான் பாஸ் பண்ண முடியாது, கம்பெனி மொத்தத்தையும் தள்ளிரும்"னு அர்த்தநாரி அண்ணன்கிட்ட சொன்னாரு. அண்ணன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வரப்புல உக்காந்துட்டாரு.

நான் பொறுமையா உரிச்சேன். இருட்டிக்கிட்டு வந்துச்சு, மழை மேகம். என் பங்கு இடத்துல பதினெட்டு மொட்டுதான் கிடைச்சுச்சு. மிச்சம் ரெண்டைப் பக்கத்து வரிசையில உரிச்சு மாட்டினேன். கடைசியில கண்ணுல தண்ணி வந்துருச்சு. மேகமூட்டத்துல யாருக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 23, வியாழன்

தூறல். சோதனை மொட்டை யாரும் தொடல.

அக்டோபர் 26, ஞாயிறு

மழையால வேலை இல்லாட்டியும் காட்டுப்பக்கம் ஒரு எட்டு போயிட்டு வந்தேன். உதிர ஆரம்பிச்சிருக்கு. மஞ்சள் நூலு மடமடன்னு கீழ கிடக்கு, காம்பு வெளுத்து, காகிதத்தோட. கூட உரிக்கற செல்வியோட நீலமும் அப்படித்தான்.

பச்சையும் உதிர்ந்திருக்கு. எல்லாம் இல்ல. சார் வர இன்னும் மூணு நாள் இருக்கே.

சாகுபடி பண்ற ஊருல காய் பிடிக்கணும்னு வேண்டிக்கிட்டவங்களைத்தான் பார்த்திருக்கேன். காய் பிடிக்கக் கூடாதுன்னு மாரியம்மன்கிட்ட கற்பூரம் கொளுத்தினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில எல்லாருக்கும் முந்திப் போனேன். பச்சை நூல்ல அஞ்சு நின்னுச்சு. சுண்டைக்காய் அளவு, கெட்டியா. மத்தவங்க வர்றப்ப அதுவும் இல்ல. உதிர்ற காலம், உதிர்ந்துருச்சு.

சாயங்காலம் சோறு போடறப்ப கீர்த்தனா என் கையைப் பிடிச்சு, "ஏம்மா நகத்துக்கடியில இவ்வளவு பச்சைக் கறை?"ன்னு கேட்டா. பருத்திக்காட்டுல வேலை பார்க்கறவ கையில வேற என்ன இருக்கும்.

அக்டோபர் 29, புதன்

சார் ரெண்டு வரிசையையும் நடந்து பார்த்தாரு. நீலம் சுத்தம். வெள்ளை சுத்தம். ஊதா, ஆரஞ்சு சுத்தம். பச்சை சுத்தம். "உங்க கையைக் கேக்கணுமா"ன்னாரு.

மஞ்சள்ல ஒண்ணு நின்னுச்சு. ஒண்ணே ஒண்ணு.

சார் நல்ல மனுசன்தான். இருபதுல ஒண்ணு எல்லாருக்கும் வர்றதுதான், பெரிய தப்பு இல்லன்னு அவரே சொன்னாரு. அப்புறம் அவரே சொன்னாரு, ஆனா காட்டுல அத்தனை மொட்டு கெட்டிருக்கே, மத்த அஞ்சு பேரும் சுத்தம்னா அது வேற யாரோட கைன்னு. அர்த்தநாரி அண்ணன் எழுந்து வந்து, "ஏம்மா நிரோஷா, நாளையிலிருந்து வேண்டாம்மா"ன்னாரு. குரலை உசத்தக்கூட இல்ல.

அவ அழுவான்னு நினைச்சேன். அழல. குனிஞ்சு கீழ எதையோ பார்த்துக்கிட்டு நின்னா. என் பதினெட்டு மொட்டு இருந்த இடத்துல. அப்புறம் மஞ்சள் நூல்கண்டை என் கையில குடுத்துட்டுப் போயிட்டா.

அக்டோபர் 30, வியாழன்

மழை. அஞ்சு பேர்.

நவம்பர் 3, திங்கள்

மொட்டு ஆயிரத்து முந்நூறு. அஞ்சு பேர் சேர்ந்து ஆறு பேர் வேலையைப் பார்க்கறோம், இடுப்பு கழண்டு போச்சு.

ரேசன் கடை வரிசையில நிரோஷா, இடுப்புல பொண்ணு. மேல ஊர்க் காட்டுல மொட்டு உரிக்கக் கேட்டாளாம். அர்த்தநாரி காட்டுல நிறுத்தினவளான்னு கேட்டுட்டு அனுப்பிட்டாங்களாம். பக்கத்துல நின்ன பொம்பளைகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா, எனக்குக் கேக்கணும்னு சொல்லல. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா"ன்னா. அதோட சரி. அந்தப் பொண்ணு என் கட்டைவிரல் நகத்தைப் பிடிச்சு விளையாடுச்சு. எனக்கு அங்க நிக்க முடியல. அரிசி வாங்காம வந்துட்டேன்.



நவம்பர் 8, சனி

ரெக்கார்டு நோட்டு வாங்கணும்னு சொல்லி கீர்த்தனா ஆத்தூருக்குக் கூட்டிட்டுப் போனா. நோட்டுக்கடைக்குப் போகல. கண்ணாடிக்கடை வாசல்ல நிறுத்திட்டா. நான் திரும்பி நடந்தேன். அவ என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா, நடுரோட்டுல.

கடைக்காரரு சின்ன எழுத்து போட்ட ஒரு அட்டையைக் கையில குடுத்தாரு. வாசிங்கன்னாரு. முதல் வரி வாசிச்சேன். ரெண்டாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. ஏதோ ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாரு. அட்டை பக்கத்துல வந்துருச்சு. கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். "வெள்ளெழுத்துங்க, நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான், இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"ன்னாரு.

பஸ்ஸுல வர்றப்ப கீர்த்தனா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டா. "அம்மா, அன்னைக்குச் சாயங்காலமே சொந்தத் தூள் விழுந்துட்டான்னு கேட்டியே, அது யாரோட மொட்டும்மா?"

டிக்கெட்டைத் தொலைச்சிறாதடின்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டுக் கண்ணாடியைப் போட்டு இந்த டைரியை எடுத்தேன். கோடெல்லாம் நல்லாக் கருப்பாத்தான் இருக்கு. என் எழுத்துதான் கோட்டை விட்டு விட்டு விழுந்திருக்கு.

நவம்பர் 10, திங்கள்

கண்ணாடியை இடுப்புல செருகிட்டுப் போனேன். மத்தவங்க ஆண் செடிப் பக்கம் பூ பறிக்கப் போனதும், என் வரிசைக் கடைசிக்குப் போயி போட்டுக்கிட்டேன். நேத்துச் சாயங்காலம் நான் உரிச்ச மொட்டு, பச்சை நூல், சிவப்புக் காகிதம். பத்து மொட்டுல காகிதத்தை விலக்கிப் பார்த்தேன். ஏழு சுத்தம். மூணுல தண்டைச் சுத்தி மஞ்சள் மஞ்சளா ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணுல எட்டு இருந்துச்சு, எண்ணினேன். இதுக்கு லென்ஸ் எதுக்கு, சாதாரணக் கண்ணுக்கே தெரியும். நிரோஷாவுக்குத் தெரிஞ்சிருக்கும். செல்விக்குத் தெரியும். ஒரு மாசமா இதையெல்லாம் சுத்தம்னு நினைச்சு மூடியிருக்கேன். நினைச்சேன்னு எழுதறது கூடப் பொய்தான்.

அப்புறம் அந்த ரெண்டு மொட்டு ஞாபகம் வந்துச்சு. சோதனை அன்னைக்கு இடம் பத்தாம பக்கத்து வரிசையில மாட்டினது. சார் அங்க பார்க்கல, நானும் மறந்துட்டேன். தேடிப் போனேன். ஒண்ணு உதிர்ந்துருச்சு. இன்னொண்ணு இலைக்கடியில எலுமிச்சை அளவுக்குக் காயா நிக்குது. காம்புல பச்சை நூல். கிழிஞ்சு தொங்கற காகிதம் சிவப்பு. வெள்ளை மாத்தவே இல்ல. ஒரு பூவும் அதுமேல தடவப்படல. அப்பன் வீட்டுத் தூள் ஒண்ணு கூடத் தொடாம, தன்னைத் தானே பெத்துக்கிட்டு நிக்குது.

பறிக்கறதுக்குக் கையைக் கொண்டு போனேன். நகம் காம்புல பட்டுருச்சு. பறிக்கல. ஏன்னு தெரியல. மழை வர்ற மாதிரி இருந்துச்சு, வந்துட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நிரோஷா வீட்டுக்குப் போனேன். வாசல்ல துணி அலசிக்கிட்டிருந்தா. உக்காருங்கக்கான்னு ஸ்டூலை எடுத்துப் போட்டா. எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அன்னைக்குச் சோதனை வரிசையில, அப்படின்னு ஆரம்பிச்சேன்.

அவ துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, "தெரியும்க்கா"ன்னா.

"என்ன தெரியும்?"

"உதிர்ந்த மொட்டு வெளுத்து, காஞ்சு, காம்பு தானா கழண்டு கிடக்கும். உங்க எடத்துல அஞ்சு காய் பச்சையா கிடந்துச்சு. காம்புல நகம் பட்ட வெட்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே புள்ள."

அவ அப்பத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "யாருகிட்டக்கா சொல்றது? மேஸ்திரி கை கெட்டுப்போச்சுன்னு புதுசா வந்தவ சொன்னா யாரு நம்புவா? சொன்னதுக்கப்புறம் இந்த ஊர்ல எந்தக் காட்டுல என்னைச் சேர்ப்பாங்க? சொல்லாம இருந்தா அடுத்த வருசம் நீங்களே கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தா பதிலுக்கு நானும் பேசியிருப்பேன், எனக்கு அது வரும். இதுக்கு என்ன பேசறது. எனக்கு வெக்கமா இருந்துச்சு. என் ஆயுசுக்கும் இப்படி ஒரு வெக்கத்தை நான் பட்டதில்ல.

நவம்பர் 12, புதன்

இன்னைக்கு சார் வர்ற நாள். எல்லார் முன்னாடியும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டேன். செல்வி சிரிச்சா. பாப்பாத்தியக்கா சிரிக்கல.

சாரைக் கையைப் பிடிச்சு இழுக்காத குறையாக் கூட்டிட்டுப் போயி அந்தக் காயைக் காட்டினேன். பச்சை நூல், சிவப்புக் காகிதம். அவரு குனிஞ்சு பார்த்தாரு. முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சுது. "அப்ப உங்களோட மத்த மொட்டெல்லாம்?"ன்னாரு.

"அஞ்சு நின்னுச்சு சார். நான்தான் கிள்ளிப் போட்டேன். எனக்கு ஆடி மாசத்திலிருந்தே கிட்டத்துல கண்ணு தெரியல."

இருபத்தெட்டாம் தேதி பக்கத்துல உதிர்ந்துருச்சுன்னு எழுதியிருக்கேன். அதை அடிக்கல. அப்படியே இருக்கட்டும்.

 அர்த்தநாரி அண்ணன்தான் கேட்டாரு, "ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டிருந்தா முடிஞ்சிருக்குமே இந்திராணி?"

"கண்ணாடி போட்டா நீங்க வச்சுக்குவீங்களா அண்ணே?"

"வேண்டாம்னு நான் எங்கம்மா சொன்னேன்? நீதானே சொன்ன." பாப்பாத்தியக்கா பக்கம் திரும்பிப் பார்த்தாரு.

சார் தீர்ப்பு. நாலாவது வரிசையில நூல் கட்டறதுக்கு முந்தின காய் எல்லாம் போகணும். அதுக்கப்புறம் காட்டுல எங்கெல்லாம் பச்சை நூல் இருக்கோ அந்தக் காய் எல்லாம் போகணும், ஒண்ணு விடாம. அப்பத்தான் மிச்சத்தை பாஸ் பண்ண முடியும். பத்துல ஏழு நல்லதுதானே சார்னு கேட்டேன். எந்த ஏழுன்னு காயைப் பார்த்துச் சொல்லுங்கன்னாரு. சொல்ல முடியாது. எனக்கே தெரியும், ஒரே காய்க்குள்ள கூட ரெண்டும் கலந்து கிடக்கும்.

நிரோஷாவை மறுபடி வரச்சொல்லி ஆள் போச்சு. பாப்பாத்தியக்கா மேஸ்திரி. கண்ணாடியோடதான். அது என் பக்கத்துல வந்து அந்தப் பூக் கூடையை என் கையில குடுத்துட்டு, "காய் பறிக்க இது போதுமா, சாக்கு எடுத்தாரட்டுமா?"ன்னு கேட்டுச்சு. குத்திக் கேட்டுச்சா, நிஜமாத்தான் கேட்டுச்சான்னு தெரியல. சாக்கு வேணும்க்கான்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில நகத்தை வெட்டிட்டேன். ஒன்பது வருசத்துல பருத்தி பூக்கற மாசத்துல வெட்டினது இதுதான் முதல் தடவை. கீர்த்தனா பார்த்தா. பள்ளிக்கூடம் கிளம்பறப்ப என் கண்ணாடியை அவ தாவணியில துடைச்சுக் குடுத்துட்டுப் போனா.

ரெண்டு நாளா நான் கட்டின பச்சை நூலைத் தேடித் தேடிக் காயைப் பறிக்கறேன். நல்ல காய், பெருத்த காய். ஒவ்வொண்ணுக்குள்ளயும் முப்பது தூள் தண்டு வழியா நடந்து போயி, கட்டுச்சோத்தோட குருத்து வச்சு, அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டிருந்துச்சு. அதுங்க ஒரு தப்பும் பண்ணல. பதினோரு சாக்கு ஆயிருச்சு. இன்னும் ரெண்டு வரிசை இருக்கு.

நாலாவது வரிசையில எதிர்ப்பக்கம் நிரோஷா வந்து நின்னு மொட்டு உரிக்க ஆரம்பிச்சா. என்கிட்ட பேசல. வேர்வையில கண்ணாடி மூடிக்கிச்சு, துடைக்கக் கை ஒழியல. அப்படியே அடுத்த காயைப் பிடிச்சுத் திருகப் போனேன். செடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுச்சு.

"அக்கா, கண்ணாடியைத் துடைங்க. இது மஞ்சள்."

துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். மஞ்சள்தான். அவ காய். கையை எடுத்துட்டேன்.